பனை நடுவோர் கணக்கு

நுழையும்முன்

காலநிலை மாற்றத்தைத் தடுக்கப் பெரும்பொருள் செலவாகும் என்கின்றனர் சிலர். தடுக்காமல் விட்டால் அதனினும் பெரும்பொருள் அழியும் என்கின்றனர் வேறு சிலர். இவ்விரு கூற்றுகளையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க முடியுமா? முடியும் என்கிறது பொருளியல். ஆயினும், அத்தராசுத் தட்டுகளில் எவற்றை வைப்பது, எவருடைய இழப்பை எவ்வளவாக மதிப்பது என்பவற்றைப் பொருளியல் மட்டுமே முடிவு செய்துவிட இயலாது. அறிவியலும் பொருளியலும் அறமும் ஒன்றுகூடும் அக்கணக்கை விளக்குகிறது இப்பாடம்.

கரையின் உயரம் எவ்வளவு?

நெதர்லாந்து நாட்டின் ஏறத்தாழக் கால் பகுதி கடல் மட்டத்திற்குத் தாழ்ந்தது. 1953ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் இரவு, வடகடலில் வீசிய கடும்புயலால் கடல்நீர் பொங்கியெழுந்து கரைகளை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்தது. அந்நாட்டில் மட்டும் 1,836 பேர் உயிரிழந்தனர். துயரத்திலிருந்து மீண்டெழுந்த மக்களின்முன் ஒரு கேள்வி நின்றது. இனிக் கட்டப்போகும் கரையை எவ்வளவு உயரமாகக் கட்டுவது?

கரை உயர உயரச் செலவு கூடும். கரை தாழ்ந்திருந்தால் வெள்ளம் புகும் வாய்ப்புக் கூடும். எவ்வளவு உயர்த்தினாலும், அதனையும் தாண்டும் ஓர் அலை என்றேனும் எழக்கூடும். இச்சிக்கலுக்குக் கணிதவழியில் விடைகாண முயன்றவர் டேவிட் வான் டான்ட்சிக் என்னும் டச்சுக் கணித அறிஞர். 1956இல் வெளியான தம் ஆய்வுக்கட்டுரையில் அவர் இரண்டு தொகைகளை எடுத்துக்கொண்டார். ஒன்று, கரையை உயர்த்த ஆகும் செலவு. மற்றொன்று, வெள்ளம் வருவதற்கான வாய்ப்பையும் வந்தால் ஏற்படும் இழப்பையும் பெருக்கிக் கிடைக்கும் தொகை. இவ்விரண்டின் கூட்டுத்தொகை எந்த உயரத்தில் மிகக் குறைவாக அமைகிறதோ, அதுவே தகுந்த உயரம் என்றார்.

1958இல் அந்நாடு டெல்டாச் சட்டத்தை இயற்றியது. மக்கள் செறிந்த நடுப்பகுதிக்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே நிகழத்தக்க வெள்ளத்தையும் தாங்கும் காப்பு வேண்டும் என்பது இலக்காயிற்று. பணிகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. ராட்டர்டாம் நகரருகே கடல்வழியை மூடும் மாபெரும் கதவுகள் 1997இல்தான் இயங்கத் தொடங்கின.

இந்நிகழ்விலிருந்து நாம் அறியவேண்டிய முதற்பாடம் ஒன்றுண்டு. ஒன்றும் செய்யாமல் இருப்பது செலவற்ற வழியன்று. அதற்கும் விலையுண்டு, அவ்விலை பின்னர்க் கேட்கப்படும் என்பதே வேறுபாடு. ஒரு செயலின் செலவையும் பயனையும், அதனைச் செய்யாமல் விடுவதன் இழப்போடு ஒப்பிட்டு ஆராயும் இம்முறையைப் பொருளியலார் ‘செலவு – பயன் பகுப்பாய்வு’ என்பர்.

காலநிலை மாற்றத்திற்கும் இம்முறை பொருந்தும். எனினும் கரை கட்டும் கணக்கினும் இது மூன்று வகைகளில் கடினமானது. இங்குச் செலவு சந்தை விலையில் தெரிவதில்லை. பயன் பல தலைமுறைகளுக்குப் பின்னரே முழுமையாக விளைகிறது. செலவு செய்பவர் ஒருவராகவும் பயன்பெறுபவர் மற்றொருவராகவும் இருக்கின்றனர். இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

விலையில் தெரியாத செலவு

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. அங்கு உற்பத்தியாகும் ஓர் அலகு மின்சாரத்தின் விலையில் நிலக்கரியின் விலை உண்டு. தொழிலாளரின் ஊதியம் உண்டு. இயந்திரத்தின் தேய்மானமும் உண்டு. புகைபோக்கி வழியே வெளியேறும் கார்பன் டைஆக்சைடு வளிமண்டலத்தில் சேர்ந்து, தொலைவில் வாழும் உழவரின் பயிருக்கும் மீனவரின் குடியிருப்புக்கும் விளைவிக்கும் கேடு அவ்விலையில் இல்லை. வாங்குபவரும் விற்பவரும் செலுத்தாத அச்செலவை, அவ்விற்பனையோடு தொடர்பற்ற மூன்றாமவர் சுமக்கிறார். இதனைப் ‘புறவிளைவு’ என்று பொருளியல் குறிக்கிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் பிகு 1920இல் வெளியிட்ட ‘நலப் பொருளியல்’ என்னும் நூலில் இக்கருத்தை விரிவாக விளக்கினார். நீராவித் தொடர்வண்டியின் தீப்பொறி பாதையோரக் காடுகளை எரித்தால், அவ்விழப்பும் தொடர்வண்டியின் செலவுக் கணக்கில் சேரவேண்டும் என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. கேடு விளைவிப்போர்மீது அக்கேட்டுக்கு ஈடான வரி விதித்தால், விலை உண்மையைக் கூறத் தொடங்கும். மக்களும் நிறுவனங்களும் தாமாகவே மாற்றுவழி தேடுவர்.

இன்றைய கார்பன் வரிக்கு வேராக அமைந்தது இக்கருத்தேயாகும். சுவீடன் 1991 முதல் அவ்வரியை விதித்து வருகிறது. அதன் பின்னர் அந்நாட்டின் உமிழ்வு கால் பங்குக்கும் மேலாகக் குறைந்துள்ளது. பொருளாதாரமோ தொடர்ந்து வளர்ந்துள்ளது. வரி ஒன்றே இதற்குக் காரணம் எனல் பொருந்தாது. நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் அந்நாட்டுக்குத் துணைநின்றன. எனினும், உமிழ்வைக் குறைத்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்னும் அச்சத்திற்கு அந்நாட்டின் பட்டறிவு ஒரு மறுப்பாகும்.

ஸ்டெர்ன் அறிக்கை

உலகம் முழுமைக்கும் இக்கணக்கைப் போட்டுப்பார்க்கும் முயற்சிகளுள் பெரும்புகழ் பெற்றது, பிரித்தானிய அரசின் வேண்டுகோளின்படி நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையாகும். உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராகப் பணியாற்றிய அவர், உத்தரப்பிரதேசத்தின் பாலன்பூர் என்னும் சிற்றூரை நெடுங்காலம் ஆராய்ந்தவர். ஏழை உழவரின் வாழ்வை அருகிருந்து அறிந்தவர்.

உமிழ்வைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் விளையும் ஒட்டுமொத்தக் கேடு, உலக உற்பத்தியில் ஆண்டுதோறும் 5 விழுக்காட்டையேனும் என்றென்றைக்கும் இழப்பதற்கு ஒப்பாகும் என்று அவ்வறிக்கை மதிப்பிட்டது. உடல்நலம், சுற்றுச்சூழல் முதலியவற்றின் பாதிப்புகளையும் சேர்த்தால் அவ்விழப்பு 20 விழுக்காட்டை எட்டக்கூடும் என்றது. கேட்டைத் தவிர்க்க ஆகும் செலவோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு. அறிவியல் காட்டிய அபாயம் மேலும் கூடியதால், இச்செலவு 2 விழுக்காடாகலாம் என்று 2008இல் ஸ்டெர்ன் திருத்திக் கூறினார். அவ்வாறு திருத்திய பின்னரும் தராசு சாய்ந்த பக்கம் மாறவில்லை.

ஆனால், பொருளியலார் அனைவரும் இம்முடிவை அப்படியே ஏற்கவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் நார்டஸ் அவர்களுள் முதன்மையானவர். காலநிலையையும் பொருளாதாரத்தையும் ஒரே கணித மாதிரிக்குள் இணைத்துக்காட்டிய முன்னோடி அவர். அப்பணிக்காக 2018இல் நோபல் பரிசு பெற்றவர். உமிழ்வுக்கு விலை வேண்டும் என்பதில் அவருக்கும் ஐயமில்லை. அவ்விலை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தால் போதும் என்பதே அவர் கருத்து. இருவரும் கற்றது ஒரே பொருளியல். நோக்கியது ஒரே உலகம். பின்னர், முடிவுகள் ஏன் வேறுபட்டன?

நாளைய ரூபாயின் இன்றைய மதிப்பு

‘தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்பது நம் ஊர்களில் வழங்கும் பழமொழி. தென்னை சில ஆண்டுகளில் காய்க்கும். நட்டவரே அதன் பயனை நுகர்வார். பனை பயன்தர நெடுங்காலம் ஆகும். அதன் பயன் மக்களுக்கும் பேரர்களுக்கும் உரியது. அப்படியானால், பனை விதையை ஊன்றுவோர் தம் உழைப்பை எக்கணக்கில் எழுதுவர்? வருங்காலத்தில் பிறர்பெறும் பயனுக்கு இன்று நாம் எவ்வளவு மதிப்பளிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

இம்மதிப்பீட்டிற்குப் பொருளியல் பயன்படுத்தும் கருவி ‘தள்ளுபடி வீதம்’ ஆகும். இன்று கையிலுள்ள நூறு ரூபாயை அடுத்த ஆண்டு கிடைக்கும் நூறு ரூபாயினும் மேலாகவே நாம் கருதுகிறோம். அதனால், எதிர்காலத் தொகையை ஆண்டுக்கு இவ்வளவு விழுக்காடு எனக் குறைத்து இன்றைய மதிப்பைக் காண்கிறோம். இவ்வாறு குறைப்பதற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. நம்மினும் வருந்தலைமுறை செல்வமிக்கதாக இருக்கும்; செல்வருக்கு நூறு ரூபாய் இழப்புப் பெரிதன்று என்பது ஒன்று. பயனைக் காலந்தாழ்த்திப் பெறுவதைவிட உடனே பெறுவதையே மனிதர் விரும்புவர் என்பது மற்றொன்று.

நூறாண்டுகளுக்குப் பின் ஒரு இலட்சம் ரூபாய் இழப்பு நேரும் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 5 விழுக்காடு தள்ளுபடி செய்தால், அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 760 ரூபாய் மட்டுமே. அவ்விழப்பைத் தடுக்க இன்று ஆயிரம் ரூபாய் செலவிடுவது நட்டம் என்று கணக்கு கூறும். ஆண்டுக்கு 1.4 விழுக்காடு மட்டும் தள்ளுபடி செய்தால், அதே இழப்பின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 24,900 ரூபாய். இப்போது அதே ஆயிரம் ரூபாய்ச் செலவு பெரும் ஆதாயமாகிவிடுகிறது. இழப்பு மாறவில்லை, செலவும் மாறவில்லை. மாறியது ஓர் எண் மட்டுமே.

ஸ்டெர்ன் அறிக்கையின் வீதம் ஏறத்தாழ 1.4 விழுக்காடு. பின்னர்ப் பிறந்தவர் என்பதற்காக ஒருவருடைய நலனைக் குறைத்து மதிப்பது அறமாகாது என்பது ஸ்டெர்னின் நிலைப்பாடு. நார்டஸ் அதனினும் பலமடங்கு உயர்ந்த வீதத்தைக் கையாண்டார். மக்கள் தம் சேமிப்பிலும் முதலீட்டிலும் உண்மையில் எவ்வாறு நடந்துகொள்கிறார்களோ, அதனைச் சந்தை வட்டி காட்டுகிறது. அறிஞர் தம் விருப்பத்தை அதன்மேல் ஏற்றுதல் கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு. இரண்டும் புறந்தள்ளத்தக்கவை அல்ல. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இத்துறை அறிஞர் இருநூற்றுக்கும் மேற்பட்டோரிடம் நீண்டகாலத் திட்டங்களுக்குரிய வீதம் கேட்கப்பட்டது. அவர்தம் விடைகளின் இடைநிலை மதிப்பு 2 விழுக்காடாக அமைந்தது.

தெரிந்து தெளிவோம்

வளிமண்டலத்தில் ஒரு டன் கார்பன் டைஆக்சைடு கூடுதலாகச் சேர்வதால் உலகிற்கு ஏற்படும் மொத்த இழப்பின் பணமதிப்பு, ‘கார்பனின் சமூகச் செலவு’ எனப்படும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2020இல் வெளியான ஒரு டன்னுக்குரிய செலவு வருமாறு:

தள்ளுபடி வீதம் 2.5 விழுக்காடு எனில் – 120 டாலர்
தள்ளுபடி வீதம் 2 விழுக்காடு எனில் – 190 டாலர்
தள்ளுபடி வீதம் 1.5 விழுக்காடு எனில் – 340 டாலர்

எண்ணுக்குள் அடங்காதவை

எல்லா இழப்புகளையும் பணமாக மாற்றிவிட முடியுமா என்பது அடுத்த கேள்வி. காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுகளுக்கிடையேயான குழு 1995இல் தன் இரண்டாம் மதிப்பீட்டு அறிக்கையை ஆயத்தம் செய்தபோது இக்கேள்வி பெரும் சர்ச்சையாக வெடித்தது. அதில் எடுத்தாளப்பட்ட சில ஆய்வுகள், மக்களின் வருமானத்தை அளவுகோலாகக் கொண்டு, ஏழை நாட்டவரின் உயிருக்குச் செல்வ நாட்டவரின் உயிரினும் பலமடங்கு குறைந்த பணமதிப்பைத் தந்திருந்தன. இந்தியா உள்ளிட்ட நாடுகள் கடுமையாக எதிர்த்தன. கணக்கிட்டோர் பிழையாகக் கூட்டிவிடவில்லை. அவர்கள் கைக்கொண்ட அளவுகோலே, எல்லா உயிரும் ஒத்த மதிப்புடையது என்னும் அறத்துடன் முரண்பட்டது.

உறுதியின்மை மற்றொரு சிக்கல். வெப்பநிலை இத்தனை பாகை உயர்ந்தால் இவ்வளவு இழப்பு என்று மாதிரிகள் கூறுவன சராசரி மதிப்பீடுகளே. பனிப்பாளங்கள் பெருமளவில் சரிவது போன்ற பேரழிவு நிகழும் வாய்ப்புச் சிறிதாக இருக்கலாம், நிகழ்ந்தால் மீட்சியில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் இதனையே வலியுறுத்தினார். வீடு தீப்பற்றி எரியும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை அறிந்தும் நாம் காப்பீடு செய்கிறோம். எரிந்தால் தாங்கமுடியாது என்பதே அதற்குக் காரணம். காலநிலைக்கான செலவையும் பூவுலகிற்கான காப்பீட்டுக் கட்டணமாகக் கருதவேண்டும் என்பது அவர்தம் வாதத்தின் சாரம்.

தணித்தலும் தகவமைதலும்

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் வழிகள் இருவகைப்படும். உமிழ்வைக் குறைத்து மாற்றத்தின் வேகத்தைத் தடுப்பது தணித்தல். வந்துவிட்ட மாற்றத்திற்கேற்ப வாழ்வைக் காத்துக்கொள்வது தகவமைதல்.

தணித்தலின் செலவு நிலையானதன்று. 2010 முதல் 2019 வரையிலான காலத்தில் சூரிய ஆற்றலின் அலகுச் செலவு 85 விழுக்காடு குறைந்தது. இந்தியாவில் 2010ஆம் ஆண்டு ஏலத்தில் ஓர் அலகு சூரிய மின்சாரத்தின் விலை பத்து ரூபாயைத் தாண்டியிருந்தது. 2020இல் குஜராத்தில் நடந்த ஏலத்தில் அது 1 ரூபாய் 99 காசாகத் தாழ்ந்தது. தொடக்கத்தில் அதிக விலைகொடுத்து வாங்கிய நாடுகளே உற்பத்தியைப் பெருகச் செய்து, பின்வந்தோருக்கு விலையைக் குறைத்துத் தந்தன. ஆகவே, இன்றைய விலையை மட்டும் பார்த்துச் செலவு மிகுதி என்று ஒதுக்குவது முழுமையான கணக்காகாது. அதேவேளையில், கதிரவன் மறைந்தபின் தேவைப்படும் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் செலவையும், மின்தொடரமைப்பை விரிவுபடுத்தும் செலவையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

தகவமைதலின் பயனை ஒடிசா மாநிலம் நன்கு காட்டுகிறது. 1999 அக்டோபரில் அங்கு வீசிய பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். அதன்பின் அம்மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி அமைப்பை உருவாக்கியது. கரையோரங்களில் புயல் காப்பகங்களைக் கட்டியது. எச்சரிக்கை கடைசிக் குடிசை வரை சென்றடைய வழிசெய்தது. 2013 அக்டோபரில் ‘பைலின்’ புயல் தாக்குமுன் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளில் அடங்கியது. ஒரு நாள் முன்னதாகக் கிடைக்கும் எச்சரிக்கை, புயலாலும் வெப்ப அலையாலும் விளையும் சேதத்தை 30 விழுக்காடு குறைக்கும் என்று தகவமைதலுக்கான உலக ஆணையம் 2019இல் மதிப்பிட்டது.

எனினும் தகவமைதலுக்கு எல்லையுண்டு. 2018 நவம்பரில் ‘கஜா’ புயல் நம் காவிரிப் படுகையைத் தாக்கியபோது, முன்னெச்சரிக்கையால் மக்கள் முகாம்களுக்குச் சென்று உயிர் காத்துக்கொண்டனர். தென்னைகளை எவரும் பெயர்த்துச் செல்ல இயலவில்லை. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஆண்டுக்கணக்கில் வளர்த்த தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. விழுந்த மரத்திற்கு ஒரு விலை கூறலாம். புதிய கன்று காய்க்கும்வரை அக்குடும்பம் இழக்கும் வருவாயும், தடைப்படும் பிள்ளைகளின் படிப்பும் அவ்விலைக்குள் அடங்குமா? தனியொரு புயலைக் காலநிலை மாற்றத்தின் விளைவென்று கூறிவிட முடியாது. ஆனால், வெப்பமேறும் கடல் புயல்களுக்கு வலுவூட்டும் என்பதை அறிவியல் எடுத்துக்காட்டுகிறது. தணித்தலைத் தள்ளிப்போடுந்தோறும் தகவமைதலின் செலவு ஏறிக்கொண்டே செல்லும்.

செலவு எவருடையது? பயன் எவருக்கு?

மொத்தக் கணக்கில் ஆதாயம் தெரிந்தாலும், தனித்தனி மனிதர் கணக்கில் இழப்பு இருக்கக்கூடும். நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டால் உலகம் பயனடையும்; அச்சுரங்கத்தையே நம்பி வாழும் ஊர் வாழ்விழக்கும். செருமனி 2020இல் இயற்றிய சட்டத்தின்படி, நிலக்கரி மின்சாரத்தை 2038க்குள் கைவிட முடிவுசெய்தபோது, பாதிப்புறும் பகுதிகளின் மறுவாழ்வுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. தன்பாத்திலும் கோர்பாவிலும் நெய்வேலியிலும் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கும் அத்தகைய மாற்றுவழி தேவைப்படும். அதற்காகும் தொகையும் மாற்றத்தின் செலவோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியதே.

நாடுகளுக்கிடையிலும் இவ்வேறுபாடு உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகள் சில. இந்தியர் ஒருவரின் சராசரி கார்பன் டைஆக்சைடு உமிழ்வு இன்றும் உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. அனைவருக்கும் பொறுப்புண்டு, ஆனால் அப்பொறுப்பு அவரவர் நிலைக்கேற்ப வேறுபடும் என்னும் கொள்கையை 1992ஆம் ஆண்டு ரியோ மாநாடு ஏற்றது. காலநிலைக் கேடுகளால் அல்லலுறும் ஏழை நாடுகளுக்கு உதவ, ‘இழப்பு மற்றும் சேத நிதியம்’ அமைக்க 2022இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் நகரில் நடந்த மாநாடு முடிவுசெய்தது. முடிவை எட்டவே முப்பது ஆண்டுகள் ஆயின.

கணக்கும் கடமையும்

செலவு – பயன் பகுப்பாய்வு பயனற்றது என்று இதனால் கருதிவிடக் கூடாது. வரையறுக்கப்பட்ட பொருள்வளத்தைக்கொண்டு எப்பணியை முதலில் செய்வது, எவ்வழியில் குறைந்த செலவில் மிகுந்த பயன் கிட்டும் என்பவற்றை அறிய அதனினும் சிறந்த கருவி வேறில்லை. உணர்ச்சியால் மட்டும் எடுக்கப்படும் முடிவுகளைவிட, எண்களை வெளிப்படையாக முன்வைத்து எடுக்கப்படும் முடிவுகளே வாதிட்டுத் திருத்தத்தக்கவை. ஆனால், ஒரு கணக்கைக் காணும்போது அதன் விடையை மட்டும் பார்த்து அமைதல் போதாது. எதைச் சேர்த்தனர், எதை விட்டனர், எந்த வீதத்தால் எதிர்காலத்தைக் குறைத்தனர், எவருடைய இழப்பைச் சிறிதென்று கொண்டனர் என்று கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்கும் குடிமக்கள் உள்ள நாட்டில் கணக்கு நேர்மையாக இருக்கும்.

இன்று மேனிலை வகுப்பில் பயிலும் மாணவர், இந்நூற்றாண்டின் பிற்பகுதியைக் காணப்போகிறவர்கள். பொருளியலாரின் அட்டவணைகளில் ‘வருந்தலைமுறை’ எனக் குறிக்கப்படுவோருள் அவர்களும் அடங்குவர். அவர்களுக்குப் பின்வருவோர் இவ்விவாதத்தில் எழுந்து பேச இயலாதவர்கள். அவர்களுக்காகப் பேசவேண்டியவர்கள் இன்றிருப்போரே. தம் காலத்தில் பழம் உண்ணமாட்டோம் என்றறிந்தே ஏரிக்கரைகளில் பனை விதைகளை ஊன்றியவர்கள் நம் முன்னோர். தள்ளுபடி வீதம் என்னும் சொல்லை அவர்கள் கேட்டதில்லை. எனினும் அவ்வீதம் எவ்வளவு சிறிதாக இருக்கவேண்டும் என்பதைச் செயலால் காட்டிச் சென்றிருக்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நேரும் 10,000 ரூபாய் இழப்பின் இன்றைய மதிப்பை, 2 விழுக்காடு, 7 விழுக்காடு ஆகிய தள்ளுபடி வீதங்களில் கணக்கிட்டு, இரண்டிற்குமுள்ள வேறுபாடு குறித்து வகுப்பில் உரையாடுக.

2. உங்கள் ஊரில் ஏரி தூர்வாருதல், கரையோரப் பனை வளர்த்தல், வெள்ளநீர் வடிகால் அமைத்தல் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் செலவுகளையும் பயன்களையும் பட்டியலிடுக. பணத்தால் மதிப்பிட இயலாதவற்றைத் தனியே குறிப்பிடுக.

3. ‘ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் விலையுண்டு’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.